நான்கெழுத்தில் நின்ற முந்தானை

எங்கள் மாமாவை நான் பல காரணங்களுக்காகச் சந்தேகப்பட்டிருக்கிறேன். அவர் வாங்கி வரும் வேர்க்கடலைப் பொட்டலம் வழியிலேயே ஒருமுறை பிரித்துக் கட்டப்பட்டது என்றும், வாலாஜாபாத்திலிருந்து சைக்கிளை மிதித்தே வருவதாகச் சொல்வது பொய், அய்யம்பேட்டை வரைக்கும் பஸ்ஸின் மேலே சைக்கிளை ஏற்றிக்கொண்டு வருகிறார் என்றும் எனக்குள் தீர்மானங்கள் இருந்தன. எதற்கும் ஆதாரம் கிடைத்ததில்லை. ஆதாரத்தோடு அவரைச் சந்தேகப்பட்டது ஒரே ஒருமுறைதான். அது ஒரு இங்கிலீஷ் வார்த்தை விஷயத்தில்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. பிள்ளையார்பாளையத்து வீட்டில் நாங்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, நான். அம்மாவின் தம்பியான மாமா ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. அவரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். தறியில் உட்காரப் பிடிக்காமல், வாலாஜாபாத்தில் ஒரு அரிசி ஆலையில் குமாஸ்தாவாகப் போய்விட்டார். முன்பு மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தவர், அந்த வருஷம் வாரம் தவறாமல் வர ஆரம்பித்திருந்தார். அம்மாவின் கறிக்குழம்புக்காகத்தான் வருகிறார் என்று கண்டுபிடித்து, அவர் வரும் நாளிலும் வராத நாளிலும் என் தட்டில் எத்தனை துண்டு விழுகிறது என்று எண்ணி வைத்திருந்தேன். எண்ணும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. இன்னும் போகவில்லை. அன்றைக்குக் கறித்துண்டு, இன்றைக்கு மாத்திரை.

அந்த வருஷம் கடை முதலாளி அப்பாவிடம் ஒரு கல்யாணச் சேலை நெய்யக் கொடுத்தார். அரக்கு நிறம், கிளிப்பச்சைக் கரை. மெட்ராஸில் ஏதோ பெரிய வீட்டுக் கல்யாணம். முந்தானையில் மணப்பெண் பேரும் மாப்பிள்ளை பேரும் இங்கிலீஷ் எழுத்தில், ஜரிகையில், எழுத்து எழுத்தாக ஒன்றன்கீழ் ஒன்றாக வரவேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். பெண் மனோகரி. மாப்பிள்ளை கோபி.

எழுத்தை நெய்வதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் துளை போட்ட அட்டைகளைக் கயிற்றில் கோத்து மாட்டுவார்கள். துளை இருக்கிற இடத்துக்கு உரிய இழைகள் மேலே எழும்பும். அவற்றின் கீழே ஜரிகை ஓடும். ஒரு எழுத்துக்கு ஒரு கட்டு அட்டை. ஒரே எழுத்து மறுபடி வந்தால் அதே கட்டை மறுபடி மாட்டிக்கொள்ளலாம். மனோகரிக்கும் கோபிக்கும் சேர்த்து ஒன்பது கட்டு போதும் என்று அட்டை குத்துகிறவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். நான்தான் எண்ணி வாங்கி வந்தேன். எம், ஏ, என், ஓ, எச், ஆர், ஐ, ஜி, பி.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஒரு எழுத்தைப் பார்த்தால் அவர் கண்ணுக்கு அதன் உருவம் தெரியும். எம் அவருக்கு இரட்டைக் கோபுரம். ஏ என்பது கூரை. ஓ வளையல், எச் ஏணி, ஐ கம்பம், ஜி கொக்கி. பி-யும் ஆரும் அண்ணன் தம்பி. பி ஒற்றைக்காலன், ஆர் கால் நீட்டினவன். சுவர் ஓரமாக ஆணியில் தொங்கும் கட்டுகளைப் பார்த்து, "அந்தக் கூரைய எடு, அப்பால வளையல எடு" என்பார். நான் எடுத்துக் கொடுப்பேன். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் இப்படித்தான் புழங்கியது.

கோபுரம், கூரை, என், வளையல் என்று நான்கு எழுத்து முந்தானையில் ஏறிவிட்டது. ஏணியை மாட்டப் போகிற நேரத்தில் முதலாளி வாசலில் வந்து நின்றார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

"நிறுத்துப்பா. கல்யாணம் நின்னு போச்சு" என்றார்.

அப்பா இழை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடியே, "யாருதுங்க?" என்றார்.

"உன் தறியில ஏறிக்கினு இருக்குதே, அந்தப் பொண்ணுது."

நெய்த எழுத்தைப் பிரிக்க முடியாது. ஜரிகையை உருவினால் பட்டு மயிர் விட்டுவிடும், தழும்பு நிற்கும். முந்தானையை அறுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சேலை ஆகாது. நின்றுபோன கல்யாணத்துப் பெண்ணின் பேரோடு அதை வாங்க ஒருத்தியும் முன்வர மாட்டாள். முதலாளி இதையெல்லாம் வரும் வழியிலேயே யோசித்து முடித்திருந்தார்.

"ஒண்ணு பண்ணு. நாலு எழுத்து இருக்குது. கீழ இன்னும் ரெண்டு மூணு சேத்து அத ஒரு இங்கிலீஷ் வார்த்தையா ஆக்கிக் குடு. பேன்சி டிசைன்னு வித்துக்கறேன். இப்ப நைலக்ஸ் சேலைல எல்லாம் இங்கிலீஷ் போட்டு வருது, வாங்கறாங்க. ஆனா நெஜமான வார்த்தையா இருக்கணும். புஸ்தகத்துல இருக்கணும். இல்லன்னா சேலை உன்னுது, பட்டும் ஜரிகையும் உன் பொறுப்பு. அடுத்த பாவு யாருக்குக் குடுக்கறதுன்னு நான் பாத்துக்கறேன்."

ஞாயிறு கழித்து வருகிற சனிக்கிழமைக்குள் சேலை கடைக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் அவர் சொன்னது எனக்கே புரிந்தது. பாவு, அதாவது தறியில் ஏற்ற முதலாளி கொடுக்கும் நீள நூல், வராத தறி எப்படி இருக்கும் என்று எங்கள் தெருக்கோடி வீட்டில் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர் எல்லா வீட்டுக்கும் வந்து உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், மற்றவர்கள் நெய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பா என்னைப் பார்த்தார். "நீ படிக்கிறியே. சொல்லு."

நான் தரையில் சாக்கட்டியோடு உட்கார்ந்தேன். ஒன்பது எழுத்தையும் எழுதி, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மேன், மேப், ரேம், பின், ரிங், ரெய்ன், ஹார்ன் என்று வார்த்தைகள் வரத் தொடங்கின. மாலைக்குள் முப்பத்தொரு வார்த்தை. கடைசியாகப் பியானோ வந்தது. அதைக் கண்டுபிடித்தபோது எனக்கே என்மீது மரியாதை உண்டாயிற்று.

அப்பா தறிக்குழியிலிருந்து ஏறி வந்து தரையைப் பார்த்தார். "இதுல எதுல நம்ம நாலு எழுத்தும் வரிசையா மேல நிக்குது?"

ஒன்றிலும் நிற்கவில்லை. "பியானோவுல நாலுல மூணு வரிசையா இருக்குதுப்பா" என்றேன்.

"முக்கால் வார்த்த குடுத்தா முக்கால் பாவு தருவாரா?" என்று கேட்டுவிட்டு அவர் முகம் கழுவப் போனார்.

அத்தை ராட்டையில், நாடாவுக்குள் வைக்கும் குச்சிகளில் பட்டு நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தச் சேலைக்கான பட்டு முழுவதும் அவள் கையால் சுற்றியது. அப்பா எழுந்து போனதும் தறி அருகே வந்து, நெய்த பகுதியைப் புறங்கையால் தடவிப் பார்த்தாள். உள்ளங்கை சொரசொரப்பாக இருக்கும், பட்டில் மாட்டும். அதனால் எங்கள் வீட்டுப் பெண்கள் பட்டைப் புறங்கையால்தான் தொடுவார்கள்.

"அண்ணி, இப்படியே நாலு எழுத்தோட வுட்டுட்டா அந்தப் பொண்ணு பேருதானே அது?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"பாதிப் பேருன்னாலும் அவ பேருதான். வேற வார்த்தையா மாறிட்டா அவளுக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா. பிறகு, "நீ ஏன் கேக்கற?" என்றாள்.

"சும்மா" என்று அத்தை ராட்டைக்குப் போய்விட்டாள்.

எங்கள் குடும்பத்தில் சும்மா என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன். ஆனால் அன்று எனக்கு மனோ என்று நின்ற அந்த நாலு எழுத்தைத் தவிர வேறு நினைப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மா வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர் ஆணியில் தொங்கிய ஒன்பது கட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதற்கு முன் நான் எண்ணி வைத்திருந்தேன், ஒன்பது இருந்தன. தரையில் நான் எழுதியிருந்ததையும் படித்தார்.

"பியானோ நல்லா இருக்குது மாப்ள" என்றார். என்னை அவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார். "சேலைக்கு அது பொருந்தாது. கல்யாணத்துல நாயனம்தானே வாசிக்கறாங்க."

பிறகு கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் சேந்திக் கொடுக்க அத்தை போனாள். இரண்டு கால்களைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. நான் பின்கட்டுக் கதவருகே போய் நின்றபோது அத்தை வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், மாமா ஈரக் காலால் மண்ணில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அழித்துவிட்டார். வார்த்தை தெரியாமல் திண்டாடுகிறார், அதை மறைக்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன்.

உள்ளே வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கெடச்சுடுச்சு மாமா" என்று அப்பாவிடம் சொன்னார். "மேனோஃபியா."

"அப்படின்னா?"

"இங்கிலீஷ் ராணிங்க தோள்மேல போத்திக்கறது. நீளமா இருக்கும். பின்னால ரெண்டு பேரு தூக்கிக்கினு வருவாங்க. பட்டுலதான் செய்வாங்க."

அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. எனக்கு இல்லை. "எஃப் எழுத்து நம்மகிட்ட இல்லையே மாமா" என்றேன்.

"பி-யும் எச்-சும் சேந்தா ஃப மாப்ள. போட்டோவுக்கு நீ இன்னா போடற?"

அது சரியாக இருந்தது. சரியாக இருந்ததால் எனக்குச் சந்தேகம் அதிகமாயிற்று. "எந்தப் புஸ்தகத்துல இருக்குது?"

"பெரிய புஸ்தகத்துல."

"நீங்க எங்க பாத்தீங்க?"

"ஆலைக்கு இங்கிலீஷ் பேப்பர் வருதில்ல, அதுல."

"எந்தப் பக்கத்துல?"

"டேய், மாமாவ இன்னாடா போலீஸ்காரன் மாதிரி கேட்டுக்கினு இருக்கற" என்று அம்மா அதட்டினாள். அம்மாவுக்குத் தன் தம்பி மெட்ராஸுக்குப் போயிருந்தால் கலெக்டர் ஆகியிருப்பான் என்று எண்ணம். அத்தையின் ராட்டை மட்டும் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றியது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாரைத் தேடிப் போனேன். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மனோ என்று தொடங்குகிற இங்கிலீஷ் வார்த்தை வேண்டும், இந்த எழுத்துகள் மட்டும்தான் இருக்கின்றன என்று எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். அந்த நாளில் வாரப் பத்திரிகைகளில் வார்த்தைப் போட்டிகள் வரும். சரியாக நிரப்பினால் ரேடியோ பரிசு, கடிகாரம் பரிசு. ஊரில் பாதிப் பேர் அதில் கிடந்தார்கள்.

"எந்தப் பத்திரிகை?" என்றார்.

"பத்திரிகை இல்ல சார். தறி."

"பரிசு என்ன?"

"பாவு சார்."

அவர் நம்பவில்லை. இருந்தாலும் வார்த்தை என்று வந்துவிட்டால் அவராலும் சும்மா இருக்க முடியாது. பீரோவைத் திறந்து தடித்த அகராதியை எடுத்தார். மேனோஃபியா இல்லை. அவர் விரல் கீழே இறங்கியது. மனோவில் தொடங்கும் வார்த்தைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டன. மற்றவற்றுக்கெல்லாம் எங்களிடம் இல்லாத எழுத்துகள் வேண்டியிருந்தன. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஓர் எழுத்து போதும்.

"மேனர்" என்றார். "பெரிய நிலக்காரருடைய வீடு. நம்ம பக்கத்துல மிராசுதார் மாளிகைன்னு வெச்சுக்கோ. நாலு எழுத்துக்குக் கீழே ஒரு ஆர். முடிஞ்சது." அகராதியை மூடிவிட்டு, "பரிசு வந்தா எங்கிட்ட காட்டணும்" என்றார்.

பள்ளிக்கூடம் இருந்த கச்சேரி வீதியில் ஆரம்பித்த ஓட்டம் வீட்டு வாசலில்தான் நின்றது. அப்பாவிடம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். மாமா சொன்னது அகராதியிலேயே இல்லை, வாத்தியார் ஒன்று கொடுத்திருக்கிறார், ஒரே ஒரு எழுத்து, கால் நீட்டினவன். அப்பா ஆணியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எண்ணினேன். எட்டு.

மறுபடி எண்ணினேன். எட்டுதான். கால் நீட்டினவனைக் காணோம்.

வீடே தேடியது. தறிக்குழியில், பரணில், விறகுக் குவியலில், அரிசிப் பானைக்குப் பின்னால். அத்தைதான் எல்லோரையும்விடப் பொறுப்பாகத் தேடினாள். தேடிய இடத்திலேயே மறுபடி தேடினாள். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றாள் அம்மா.

"எலி அட்டைய கடிக்கும். கயிறு கட்டி வெச்ச கட்ட தூக்கிக்கினு போவுமா?" என்றேன்.

"நம்ம வீட்டு எலி போவும்" என்றாள் அத்தை.

அட்டை குத்துகிறவர் ஆரணியில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். காரியம் முடித்துத் திரும்ப நாளாகும். முதலாளி கொடுத்த கெடு அதற்கு முன்பே முடிகிறது. அப்பா வெறும் ஆணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ராட்டையில் குனிந்திருந்த தங்கையைப் பார்த்தார். அவளையே பார்த்துக்கொண்டு, என்னிடம் சொன்னார்.

"உங்க வாத்தியாரு வார்த்தைக்குக் கால் இல்ல. உங்க மாமா வார்த்தைக்கு எல்லாமே இருக்குது. ஒத்தக்காலன எடு."

"அப்பா, அது தப்பு வார்த்த."

"எடுடா."

பி ஏறியது. அடுத்து எச், அதற்கடுத்து ஐ. ஒவ்வொரு கட்டாக நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பொய்யான வார்த்தை ஒன்று சுத்தமான ஜரிகையில், ஒரு பிசிறு இல்லாமல், என் கண்ணெதிரே வளர்ந்தது. பரீட்சையில் தப்பு விடையை அழகான கையெழுத்தில் எழுதுகிறவனைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது போல இருந்தது.

கடைசிக் கூரை ஒன்றுதான் பாக்கி. அன்று காலை தார் எடுக்க அத்தையின் கூடையில் கைவிட்டேன். பட்டுக் கண்டுகளுக்கு அடியில், பழைய துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று கடினமாகத் தட்டுப்பட்டது. பிரித்தேன். கால் நீட்டினவன்.

எனக்கு எல்லாம் ஒரே வெளிச்சமாக விளங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாமா வருவதற்கு முன் ஒன்பது இருந்தது. அவர் போன பிறகு நான் எண்ணவில்லை, அதுதான் நான் விட்ட இடம். தன்னுடைய பொய் வார்த்தை நிற்கவேண்டும் என்பதற்காக ஒரு கட்டை எடுத்து ஒளித்துவிட்டார். அகப்பட்டால் பழி அத்தைமேல் விழட்டும் என்று அவள் கூடையிலேயே போட்டிருக்கிறார். ஒன்றுதான் இடித்தது. ஒன்பது கட்டில், வாத்தியார் அகராதி பார்த்துச் சொன்ன அந்த ஒன்றை, ஒரு இங்கிலீஷ் வார்த்தையைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத மனிதர் எப்படிச் சரியாக எடுத்தார்? கைக்கு வந்ததை எடுத்திருப்பார், அதிர்ஷ்டம் என்று முடிவு செய்தேன்.

அம்மா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கட்டை அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ராட்டை நின்றது.

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல. நீ பயப்படாத அத்த. நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும். மாமாதான் எடுத்து உன் கூடையில போட்டிருக்காரு. மாட்டினா நீ மாட்டணும்னு."

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "அவ்ளோ மோசமான ஆளா அவரு?"

"ஆமா. நீ அவர்கிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்."

"இருக்கறேன்பா" என்றாள். குரல் நடுங்கியது. முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், எவ்வளவு பயந்துவிட்டாள் என்று எனக்கு மாமாமேல் கோபம் இன்னும் ஏறியது.

"இன்னும் எத்தினி எழுத்து பாக்கி?" என்று கேட்டாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"ஒண்ணுதான். கூரை."

"அது முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா உங்கப்பா உங்க மாமாவ வாசப்படி ஏற வுடமாட்டாரு. உங்கம்மா அழுவும். அவங்களுக்காகப் பாக்கணும்ல."

இவ்வளவு கெடுதல் செய்தவருக்கும் இரக்கம் காட்டுகிறாளே என்று நினைத்தேன். கட்டை வாங்கித் துண்டில் சுற்றி மறுபடி கூடைக்குள் வைத்தாள். எனக்கு ஒரு பொரி உருண்டை கொடுத்தாள். மாலையில் கூரை ஏறியது. சேலை முடிந்தது.

கெடு முடிகிற சனிக்கிழமை, ஆலைக்கு லீவு போட்டுவிட்டு மாமாவும் வந்தார். அப்பாவும் அவரும் சேலையைத் துண்டில் மடித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். மத்தியானம் திரும்பும்போதும் அந்தத் துண்டு அப்பாவின் தோளில்தான் இருந்தது. கடைக் கணக்குப்பிள்ளை பி.ஏ. படித்தவராம். வாசலில் வைத்தே படித்துப் பார்த்து, அகராதியைக் கொண்டுவரச் சொல்லி, முதலாளியின் காதில் ஏதோ சொல்லியிருக்கிறார். முதலாளி சேலையை அப்படியே நகர்த்திவிட்டார்.

"வார்த்த என்னுதுங்க. பொறுப்பும் என்னுது" என்று மாமா முன்னால் நின்று சொன்னாராம். பட்டுக்கும் ஜரிகைக்கும் ஈடாகும் வரை, ஆலை விட்டதும் தினமும் வந்து இதே தறியில் கூலி இல்லாமல் தான் நெய்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டாராம். அதனால் அடுத்த பாவு எங்கள் தறிக்கே கிடைத்தது. அப்பா இதைச் சொன்னபோது குரலில் கோபம் இருக்கும் என்று காத்திருந்தேன். பசிக்கிறது என்றுதான் சொன்னார்.

அம்மா அழுவாள் என்று பார்த்தேன். அவளும் அழவில்லை. கடை தள்ளிய சேலையை வாங்கி, வேப்பிலை போட்டு, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டு நெய்தார்கள். பட்டு கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தவர்கள் மிகக் குறைவு. அம்மாவே தன் முகூர்த்தத்துக்கு இரவல் பட்டு கட்டி, மறுநாள் காலையில் திருப்பிக் கொடுத்தவள். கடை ஏதாவது ஒரு பழுது சொல்லித் தள்ளினால்தான் அந்த வீட்டில் ஒரு பட்டு தங்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. மாமாவுக்குத் தண்டனை கிடைத்துவிட்டது என்ற திருப்தியில் இருந்தேன்.

மழைக்காலம் முழுவதும் அவர் நனைந்துகொண்டே வந்தார். வெறுத்து விட்டுப்போன தறியில் மறுபடி உட்கார்ந்தார். கரைக்கு ஓரத்து நாடாவைப் போட இன்னொரு ஆள் வேண்டும். முதலில் அம்மா உட்கார்ந்தாள். பிறகு அம்மாவுக்கு முதுகு வலி வந்துவிட்டது. அதுவரை அவளுக்கு முதுகு இருப்பதே எனக்குத் தெரியாது, அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் அத்தை உட்கார்ந்தாள். தன்மேல் பழி போடப் பார்த்த ஆளுக்குப் பக்கத்தில் அவள் உட்காரவேண்டி வந்ததே என்று எனக்கு மனசு ஆறவில்லை. தினமும் மாலையில் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு தறிக்கு எதிரில் உட்கார்ந்து காவல் இருந்தேன்.

"மாப்ள, வெளிய போய் ஆடேன்" என்பார் மாமா.

"பாடம் இருக்குது" என்பேன்.

அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. நான் சொன்னபடி அத்தை ஜாக்கிரதையாக இருக்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

தை பிறந்ததும் மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணம் என்று சொன்னார்கள். நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஏமாற்றுகிறவர் கடைசியில் ஏமாற்றியே விட்டார். அத்தையின் முகத்தைப் பார்த்தால் துளிகூடக் கவலை தெரியவில்லை. பெரியவர்கள் சொன்னதற்காகத் துக்கத்தை மறைத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

முகூர்த்தத்தன்று அந்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் மணைக்கு வந்தாள். முதுகில் கோபுரம் தொடங்கி கூரை வரை எட்டு எழுத்தும் வரிசையாக இறங்கின. தீப வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் மின்னியது. மாகறலிலிருந்து வந்திருந்த ஒரு சொந்தக்காரப் பெண்மணி அப்பாவிடம், "இன்னா அண்ணே எழுதி இருக்குது?" என்று கேட்டாள்.

"மேனோஃபியா" என்றார் அப்பா, கொஞ்சமும் தயங்காமல். "இங்கிலீஷ் ராணிங்க போத்திக்கறதும்மா." சொல்லிவிட்டுப் பந்தலின் மேல்கூரையைப் பார்த்தார். அம்மா குனிந்து தாம்பூலத் தட்டைச் சரிசெய்தாள். மணையில் உட்கார்ந்திருந்த மாமாவுக்கு இருமல் வந்தது.

மாமாவின் பொய்யை அப்பாவே இப்படிச் சபையில் சொல்கிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. அத்தைக்காவது உண்மை தெரியவேண்டும். தாலி கட்டி முடிந்து, கூட்டம் பந்திக்கு நகர்ந்ததும், அவள் பக்கத்தில் போய்க் காதோடு சொன்னேன்.

"அத்த, உன் சேலையில இருக்கறது அந்த மெட்ராஸ் பொண்ணு பேரும் இல்ல. இங்கிலீஷ் வார்த்தையும் இல்ல. அகராதியில பாத்தாச்சு. அது ஒண்ணுமே இல்ல."

அவள் முந்தானையை முன்னால் இழுத்து, எழுத்துகள்மேல் புறங்கையை வைத்தாள்.

"தெரியும்பா" என்றாள். "ரெண்டுமே இல்லாததாலதான் எங்கிட்ட இருக்குது."

நான் வெளியே வந்து, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். அத்தைக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அகராதியை அவள் கண்ணால் பார்த்ததில்லை. வீட்டில் நாங்கள் பேசியதும் ராட்டைச் சத்தத்தில் அவள் காதில் விழுந்திருக்காது. அப்படியிருக்க, அதில் அந்த வார்த்தை இல்லை என்று அவளுக்கு யாரோ முன்பே சொல்லியிருக்கவேண்டும். அது யார்? அகராதியைத் திறந்து பார்த்தவர்கள் ஊரில் இரண்டே பேர். கடைக் கணக்குப்பிள்ளை எங்கள் தெருவுக்கு வந்ததே இல்லை. மிச்சம் இருப்பவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமையிலிருந்து எங்கள் இங்கிலீஷ் வாத்தியாரைக் கண்காணிப்பது என்று முடிவு செய்துகொண்டு, நான் பந்திக்குப் போனேன்.